விளக்கு அணைந்த பிறகு

வானொலியில் பேசப்போகிற நாளில் நான் தயிர் சேர்த்துக்கொள்வதில்லை. தொண்டை கட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசம் சோறு, ஒரு கரண்டி கீரை, அவ்வளவுதான். பதினொரு வருடமாக இதுதான் வழக்கம். நான் என் வேலையை எப்படிச் செய்கிறவன் என்று இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு முதலில் தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். ஏனோதானோ என்று மைக் முன்னால் போய் உட்காருகிற ஆள் நான் இல்லை.

'ஊர் அரங்கம்' என் நிகழ்ச்சி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அரை மணி நேரம், நேரடி ஒலிபரப்பு. தேர்தல் வந்தால் தேர்தல், குடியுரிமை என்றால் குடியுரிமை, கோயில் நிர்வாகத்தில் சண்டை என்றால் அதுவும். யாரையாவது எதிரே உட்காரவைத்துப் பேசுவேன். சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடைகளில் அந்த நேரத்துக்கு ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். 'அன்புள்ள கோவிந்தசாமி அண்ணனுக்கு' என்று கடிதங்கள் வரும். எல்லாவற்றுக்கும் என் கைப்படப் பதில் எழுதுவேன்.

போன வருடம் மேலிடத்தில் ஒரு பெண் குரலும் வேண்டும் என்றார்கள். சந்திரமதி டீச்சர் வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுக்கிறவர். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு குறை, நான் கேட்டதற்கு என்னைப் பார்த்துப் பதில் சொல்லமாட்டார். ஊரைப் பார்த்துச் சொல்வார். இந்த 1961-ல் மாதர் சாசனம் சட்டசபைக்கு வந்தது இல்லையா, அதைப் பற்றிப் பேசினோம். ஒருவன் இரண்டு பெண்டாட்டி வைத்துக்கொள்வதைச் சட்டம் போட்டா தடுப்பது, நம் வீட்டுப் பெண்கள் அனுசரித்துத்தானே போகிறார்கள் என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"அண்ணே, இதை நீங்க எந்தப் பொம்பளைகிட்டயாவது கேட்டுப் பார்த்தீங்களா?" என்றார்.

மறுநாள் முடிதிருத்தும் கடைக்குப் போனால் அந்த வாக்கியம் எனக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. பூக்கடைக்காரர் அதைச் சொல்லிச் சிரித்தார். என் மனைவி டீச்சரின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். கடிதங்கள் டீச்சர் பெயருக்கு வர ஆரம்பித்தன. தேக்கா சந்தையில் என் நிகழ்ச்சிக்கே 'டீச்சர் புரோகிராம்' என்று பெயராகிவிட்டது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது.

அடுத்த வாரம் அவர் ஒரு கதை சொன்னார். இரண்டாவதாக ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்த புருஷனை ஏன் என்று கேட்டு, கொதிக்கிற எண்ணெயைக் கையில் வாங்கிக்கொண்ட ஒரு பெண், அன்று காலையில் இவர் வீட்டுக் கதவைத் தட்டினாளாம். பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறேன், பெயரையும் இடத்தையும் வெளியே சொல்லமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன் என்றார். அந்த வாரம் டீச்சருக்கு எண்பத்தேழு கடிதம். எனக்கு இரண்டு. அதில் ஒன்று டீச்சரின் விலாசம் கேட்டு.

புதன்கிழமை வானொலி நிலையத்து வாசலில் ஒருவன் காத்திருந்தான். துரைசாமி, லாரியில் மூட்டை இறக்குகிறவன். கதையில் வந்த புருஷன் தான்தான் என்றான்.

"எம் பொண்டாட்டி இருக்குற எடம் டீச்சருக்குத் தெரியும். நீங்க கேட்டுச் சொல்லுங்கண்ணே. கண்ணுல பட்டா வெட்டிப் போட்டுடுவேன்."

கோபத்தில் மனிதர்கள் எவ்வளவோ சொல்வார்கள். கான்டீனில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். கேட்டுச் சொல்வது முறையில்லை, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைக் கேள் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி எங்கள் அறையின் பழக்கத்தைச் சொல்லவேண்டும். மேசைமேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் நாம் பேசுவது ஊருக்குக் கேட்கிறது, அணைந்தால் கேட்கவில்லை. மைக்கை மூடுகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மிஸ்டர் லிம். அவர் மூடிவிட்டுத் தலையாட்டியதும் என் பக்கத்துப் பொத்தானை அழுத்தி விளக்கை நான் அணைப்பேன். அந்த விளக்கு இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. அதனால் அது அணைந்ததும் எல்லாரும் தோளைத் தளர்த்திக்கொண்டு வீட்டில் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். லிம்முக்குத் தமிழ் தெரியாது. விளக்கும் அவர் கண்ணுக்குத் தெரியாது, என் கோப்புகள் மறைத்திருக்கும்.

அந்த ஞாயிறு லிம்மிடம் இன்று ஐந்து நிமிடம் கூடுதலாகப் போகும், நான் கையைத் தூக்கினால் மூடுங்கள் என்றேன். ஐந்தரைக்கு நேயர்களுக்கு வணக்கம் சொன்னேன். விளக்கை அணைத்தேன். பிளாஸ்கிலிருந்து டீச்சருக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"அந்தப் பொண்ணு நல்லாயிருக்காம்மா?" என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன்.

அவர் முதலில் விளக்கைப் பார்த்தார். அதை நான் கவனித்தேன்.

"நல்லாயிருக்குண்ணே. புக்கிட் மேராவுல, நம்ம நர்ஸ் அந்தோனியம்மா வீட்டுல இருக்கு. கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடு. நேத்துதான் மொத தடவையா சிரிச்சிச்சு பாக்கியலட்சுமி."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். பிறகு கையைத் தூக்கினேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். சத்தியம் செய்தவர் சத்தியத்தை மீறுவதை ஊர் தன் காதால் கேட்கட்டும். கேட்டுவிட்டு யாருக்குக் கடிதம் எழுதுவது என்று யோசிக்கட்டும்.

ஆறரை மணிக்கு பாக்கியலட்சுமி வாசல் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாளாம். பத்திரிகையில் படித்தேன். அந்தோனியம்மாள் குறுக்கே விழுந்து தடுத்ததில் அவருக்கு இரண்டு விரல் போயிற்று. பாக்கியலட்சுமி வாசலிலேயே முடிந்துபோனாள். துரைசாமி கத்தியோடு நடந்துவந்து உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான் என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். தலை வாரியிருக்கவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்ணே, விளக்கு அணைஞ்சுதானே இருந்துச்சு? நான் பார்த்தேனே. பார்த்துட்டுத்தானே சொன்னேன்?"

"இல்லையேம்மா, எரிஞ்சுக்கிட்டுல்ல இருந்துச்சு. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

 "அப்ப நான்தான் கொன்னுட்டேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கும் அதற்குப் பிறகு போகவில்லை என்று கேள்வி. வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம். அந்த வாய் மூடியதில் எனக்குச் சந்தோஷம் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. அவர் பெயருக்கு இன்னும் கடிதம் வருகிறது, ஐயா. எல்லாம் ஆறுதல் சொல்லி.

மைக்கை மூட மறந்தார் என்று லிம்மை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து நிமிடம் கூடுதல் என்று கோவிந்தசாமிதான் சொன்னார் என்று அவரும் சொல்லிப் பார்த்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். பதினொரு வருடமாகப் பிசகாதவன் வார்த்தையைத்தான் நம்பினார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று பிறகு தெரிந்தது. நல்ல வேலைக்காரர்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, பிறகு ஏன் நானாக வந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். மனசாட்சி, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகத்தான் தூங்குகிறேன். நேற்றுப் பத்திரிகையில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். 'ஊர் அரங்கம் நிகழ்ச்சியில் நேர்ந்த கவனக்குறைவால்' என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வணக்கம் சொன்ன பிறகும் ரேடியோவை அணைக்காதே என்று கான்டீனில் துரைசாமியிடம் சொன்னவன் நான். லிம்மைக் காத்திருக்கச் சொன்னவன் நான். விளக்கை அணைத்தவனும், தேநீர் ஊற்றியவனும், கேள்வி கேட்டவனும் நான். ஒவ்வொன்றும் அதனதன் நிமிடத்தில் நடந்தது. இதை அப்படியே எழுதிக்கொண்டு பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள், ஐயா. என் நிகழ்ச்சியில் கவனக்குறைவு எதுவும் நடக்கவில்லை.