வெறும் சுவரைப் படித்தவர்

அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள் அம்மா, வெயில் நேராக உங்கள் கண்ணில் அடிக்கிறது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துப் பழகினால் தலைவலி வந்து குடியேறிவிடும். பேச்சைப் பதிவுசெய்கிற கருவியை இப்படி என் பக்கம் நகர்த்தி வையுங்கள். நான் மெதுவாகத்தான் பேசுவேன். குரலை உயர்த்த இப்போதெல்லாம் தெம்பில்லை.

என் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழிலிருந்து ஒருநாள் யாராவது விசாரிக்க வருவார்கள் என்று தெரியும். இவ்வளவு சின்னப் பெண்ணை அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. அந்தப் புற்றுநோய் மாத்திரையால் பார்வை கெடாது என்று எழுதினேன். அதை நம்பி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் முழு அளவு கொடுத்தார்கள், இன்றைக்கும் கொடுக்கிறார்கள். இப்போது அங்கங்கே கண் போனவர்கள் பற்றித் தகவல் வருகிறதாம். எப்படி நடந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைத்துவைப்பதற்கும் உடம்பில் பலம் வேண்டியிருக்கிறது.

நான் கண் மருத்துவர். என் பரிசோதனை அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில், படுக்கைத் துணிகளைத் துவைத்துக் காயவைக்கும் கூடத்துக்கு அடுத்து இருந்தது. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், சோப்பு வாடை மேசை இழுப்பறைக்குள்கூடப் புகுந்திருக்கும். அங்கே உட்கார்ந்து நான் நல்ல கட்டுரைகள் எழுதினேன் அம்மா. யாரும் படிக்கவில்லை. மாநாடுகளில் என்னைக் கடைசி நாள், கடைசிப் பேச்சாகப் போடுவார்கள். பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் புற்றுநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர் என் அறைக்கே வந்தார். அதற்குமுன் அவர் பின்கட்டில் கால் வைத்ததில்லை. புது மாத்திரை ஒன்று, கட்டியை நன்றாகக் கரைக்கிறது, கண்ணை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்றார்.

“கண்ணுப் பக்கம் தொல்லை இல்லைன்னு நீங்க சொல்லிட்டா, இந்த மருந்து எங்கேயோ போயிடும். உங்க பேரும் கூடவே போகும்” என்று சிரித்தார்.

மருந்து நல்ல மருந்துதான். ஆய்வின் விதியும் நல்ல விதி. ஒவ்வொரு முறையும் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்க வேண்டும். பழைய அளவைவிட இரண்டு வரி குறைந்தால் மாத்திரையைப் பாதியாக்க வேண்டும். நிறுத்தச் சொல்லவில்லை. பாதியாக்கத்தான் சொன்னது.

நோயாளிகளுக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது. வெளியே பெஞ்சில் அவர்கள் பேசுவது கதவுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவர் வருவார், கூடவே அவர் மனைவி. அந்த அம்மாள்தான் அங்கே எல்லோருக்கும் வாத்தியார்.

“கண்ணு மங்குதுன்னு வாயைத் தொறந்துடாதீங்கக்கா. மாத்திரையைப் பிடுங்கிடுவாங்க.”

“தெரியாததை எப்படிம்மா படிக்கறது?”

“எதுக்குப் படிக்கணும்? மனப்பாடம் பண்ணுங்க. இந்த மனுஷன் பள்ளிக்கூடத்துல ஒரு வாய்ப்பாடு ஒப்பிச்சதில்லை. இப்பக் கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாக்கூடக் கடைசி வரி வரைக்கும் சொல்வார்.”

“தூங்க விட்டாத்தானே எழுப்பறதுக்கு” என்றார் வேன்காரர். பெஞ்சே சிரித்தது.

கதவைத் திறந்து, உங்களை யாரும் நிறுத்தப்போவதில்லை, பாதி அளவு கொடுப்போம், அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோயாளிகள் அந்தப் பெஞ்சில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

என் அறை அலமாரியில் வேறு எழுத்துகள் கொண்ட அட்டைகளும் இருந்தன. மாற்றி மாற்றித் தொங்கவிடுவதற்காகத்தான் கொடுத்திருந்தார்கள். என்னிடம் வேலை பார்த்த நர்ஸ் கெட்டிக்காரி.

“மேடம், அட்டையை மாத்திடட்டுமா? எல்லாரும் ஒரே ராகத்துல படிக்கறாங்க.”

“வேண்டாம்மா. பழகின அட்டைன்னா பயமில்லாமப் படிப்பாங்க.”

“பயமில்லாம இல்லை மேடம், பார்க்காமப் படிக்கறாங்க.”

நல்ல பெண். அவளைக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அங்கே அவளுக்குப் பிடித்திருந்தது என்று கேள்விப்பட்டேன்.

எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நினைக்காதீர்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “மேல் ரெண்டு வரிதான் தெரியுது டாக்டர். மத்ததை வெளியே சொல்லிக் குடுத்தாங்க. ஆனா அது காப்பி அடிக்கறதாச்சே” என்றார். அவருக்கு மாத்திரை பாதியானது. அவரைப் போல இன்னும் சிலர். பிறகு படம் எடுத்துப் பார்த்தபோது, முழு அளவு சாப்பிட்டவர்களுக்குக் கரைந்த மாதிரியே அவர்களுக்கும் கட்டி கரைந்திருந்தது. மங்கின பார்வையும் மெல்லத் திரும்பியது.

அதை நான்தான் முதலில் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன் என்றும் சொல்லலாம். தலைமை மருத்துவர் கட்டிகளை மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பார், ஆளுக்கு ஆள் பார்ப்பதில்லை. பாதி அளவே போதும் என்று அன்றைக்கு எழுதியிருந்தால் அது கண்ணைக் கெடுக்கிற மருந்தைப் பற்றிய சின்னக் கட்டுரையாகியிருக்கும். அப்படிப்பட்ட சின்னக் கட்டுரைகள் நான் நிறைய எழுதியிருந்தேன். ஆகவே அந்தச் சிலரை, ஆய்வை முழுதாக முடிக்காதவர்கள் என்று தனியே எடுத்துவைத்தேன். விதிப்படி அதில் தப்பில்லை. அளவை மாற்றியவர்கள் முழுதாக முடிக்காதவர்கள்தானே.

ஆக, உள்ளதைச் சொன்னவர்கள் வெளியே போனார்கள். ஒப்பித்தவர்கள் கட்டுரைக்குள் இருந்தார்கள்.

வேன்காரர் கதைக்கு வருகிறேன். நீங்கள் முக்கியமாக அதைத்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். அவர் மனைவி உங்களுக்கு எழுதியிருப்பார்.

பின்கட்டுக்கு வெள்ளையடித்த சமயம் அது. பெயிண்டர் சாமான்களையெல்லாம் நகர்த்தி, அட்டையைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. நான் அட்டையை எடுக்கக் குனிவதற்குள் வேன்காரர் உள்ளே வந்துவிட்டார். கையை நீட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“பெயிண்டு வாடை ஜோரா இருக்கு டாக்டரம்மா. நாங்க வர்றோம்னா வெள்ளையடிச்சீங்க?”

“ஆமாம், உங்களுக்காகத்தான்” என்றேன்.

அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கத் தொடங்கினார். மேலிருந்து கீழே, ஒவ்வோர் எழுத்தாக, வெறும் சுவரைப் பார்த்துப் படித்தார். கீழே போகப்போகக் குரலைத் தணித்துக்கொண்டார், சின்ன எழுத்து என்பதற்காக. கடைசி வரியில் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, தலையை முன்னால் நீட்டி, “இல்லை இல்லை, ‘ப’ன்னு நினைச்சேன், ‘ய’தானே அது?” என்று திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உழைத்துத் தயாராகி வந்த மனிதர்.

“சரியாப் படிச்சேனா?”

“ஒண்ணும் தப்பில்லை” என்றேன். முழுப் பார்வை என்று எழுதினேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் அவர்கள் வாயால் சொன்னதுதான். அவர்கள் படித்தார்கள், நான் குறித்தேன். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

“வேன் ஓட்டறீங்களா இன்னும்?”

“ஓட்டாம? பிள்ளைங்க வாசல்ல நிக்குமே.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “பின்னாடி வாங்க, இன்னும், இன்னும், போதும். இப்ப வலது பக்கம் ஒடிச்சுத் திருப்புங்க” என்று அவர் சொல்லச் சொல்ல வேன் வாசலைத் தாண்டிப் போனது. பொறுமையான தம்பதி. அவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

கொஞ்ச நாளில் அந்த வேன் ஒரு மின்கம்பத்தில் ஏறியது. மனைவிக்கு அன்றைக்குக் காய்ச்சல், கூடப் போகவில்லை. உள்ளே இருந்த ஒரு சிறுமிக்குக் கை ஒடிந்தது. அந்த வயதில் எலும்பு சீக்கிரம் கூடிவிடும். வேன்காரர் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். மாத்திரையை விடவில்லை, நானும் குறைக்கவில்லை. என் கட்டுரை அச்சாகி வந்தபோது அவருக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்தது.

பாராட்டு விழா நடந்த வாரம் இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உசிரைக் குடுத்தீங்க டாக்டரம்மா. கட்டி சுத்தமாப் போயிடுச்சாம்” என்று கும்பிட்டார், நான் நின்ற பக்கத்துக்கு அல்ல, அலமாரியின் பக்கம்.

மனைவி மட்டும் கேட்டார்: “பொய் சொல்லி ஏமாத்திட்டோம்மா. இவருக்கு அட்டை தெரியலை. நான்தான் சொல்லிக் குடுத்தேன். அதனாலதான் கண்ணு போச்சா?”

அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “நடந்ததை விடுங்க. உசிரு இருக்கில்ல” என்றேன். அவர் அழுதார். தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலம் அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார் போலிருக்கிறது. அதில் ஒரு நன்மை உண்டு. குற்றவுணர்வு இருக்கிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

பாதி அளவு போதும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஊகம்தான் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். என்மேல் இரக்கப்பட்டுக் கேட்கிறீர்கள், புரிகிறது. பொய்யாக எழுத வேண்டாம் அம்மா. நிச்சயமாகத் தெரியும்.

போன வருடம் எனக்கும் அதே நோய் வந்தது. பார்க்கிற மருத்துவர் இளைஞர், தங்கமான பிள்ளை. என் கட்டுரையை மேசையிலேயே வைத்திருக்கிறார். “இதைப் படிச்ச தைரியத்துலதான் மேடம் எல்லாருக்கும் முழு அளவு எழுதறேன்” என்று எனக்கும் எழுதிக் கொடுத்தார். நான் தினமும் காலையில் காய் நறுக்கும் கத்தியால் மாத்திரையை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை விழுங்கிவிட்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிடுகிறேன். கட்டி கரைந்துகொண்டு வருகிறது. உங்கள் சட்டைப் பொத்தானில் இருக்கிற நூல் பிசிறுகூட இங்கிருந்து தெரிகிறது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. இப்போதுதான் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளை, அவர் மனதை எதற்கு நோகடிக்க வேண்டும்?