யார் உடுத்திய துணி?

புதுத்துணி விற்றே பெரியவராகி, பழந்துணிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெருந்தன்மையாளர், ஜவுளிக்கடை ஜெயசிங் அண்ணாச்சி அவர்களே! அறிவிலும் ஆண்டிலும் மூத்த பெரியோர்களே! ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த இடத்தில், கால் வலிக்கு நாற்காலி கிடைத்ததே என்று அமர்ந்துவிட்ட அன்புத் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

பழைய சேலைகளைப் பிரித்து, வெட்டி, இணைத்து, புத்தாடையாகத் தைக்கும் இசக்கிச்செல்வியின் கடையை ஆதரித்துப் பேச தையல் தொழிலாளர் சங்கத்தார் என்னை அழைத்தார்கள். வந்ததும் புத்தம்புதிய பாலியெஸ்டர் பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். நன்றி. உடுத்த முடியாது, தலை துவட்ட முடியாது, தண்ணீரை உறிஞ்சாது. அப்படி ஓர் அரிய ஆடை. என் வீட்டு பீரோவில் இதற்கு முந்தியவை அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. என் மனைவியின் சேலைகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

இன்றைய உலகில் எது நாகரிகம்? பழைய பாட்டிலை உருக்கி நூலாக்குகிறார்கள். பழைய ஜீன்ஸை வெட்டிப் பையாக்குகிறார்கள். கடையநல்லூரில் நண்பர் முகம்மது யூசுப்பின் மகள் ஃபஹீமா, துபாயில் வாங்கிய ஒட்டுப்போட்ட சட்டையைக் காட்டி, "பழைய துணியில தச்சது மாமா, அதான் வெல கூட" என்றாள். நானும் தலையாட்டினேன்.

துபாயில் அப்படி. நம் சங்கரன்கோவிலில் எப்படி? சித்திரையில் கடை திறந்தாள் இசக்கிச்செல்வி. வருகிறார்கள். தொட்டுப் பார்க்கிறார்கள். "நல்லாத்தான் இருக்கு ஏட்டி. ஆனா யாரு உடுத்துனதோ?" என்கிறார்கள். போய்விடுகிறார்கள். அவள் என்ன பதில் சொல்வாள்? துணிக்கு ஆதார் அட்டையா இருக்கிறது?

"தபசு முடியட்டும். அதுக்கும் ஓட்டம் இல்லன்னா, மிஷினை வித்துட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருவோம்" என்று அவள் கணவர் துரைப்பாண்டி முடிவாகச் சொல்லிவிட்டார். அதோ, மேடைக்குப் பின்னால் கடை ஷட்டர் ஓரம் நிற்கிறாரே, அவர்தான். கை தட்டாதீர்கள், கோபத்தில் இருக்கிறார்.

நேற்று அந்தப் பெண் என்னிடம், "திரும்பத் திரும்பத் தொவச்சு, வெயில்ல போட்டுத்தான் தைக்கேன் அண்ணாச்சி. இன்னும் நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேச்சாளன் மேடையில் அழுதால் தொழில் நஷ்டம். ஆகவேதான் இன்று கோபமாகப் பேசுகிறேன்.

யார் உடுத்திய துணி? நானும் கேட்கிறேன்! கோமதி அம்மனுக்குச் சாத்திய சேலை ஏலத்துக்கு வந்தால் முண்டியடிப்பது யார்? கண்ணில் ஒற்றிக்கொள்வது யார்? உடுத்திக்கொண்டு தெருவெல்லாம் காட்டுவது யார்?

என்ன, முன்வரிசை ராஜேஸ்வரி அக்கா? "அது சாமி உடுத்துனதுல்லா" என்கிறீர்களா? நியாயம். சாமியை விடுங்கள், மனிதருக்கு வருகிறேன். பிறந்த பிள்ளையை எதில் பொதிந்தீர்கள்? பட்டிலா? பளபளக்கும் சரிகையிலா? புதுத்துணி குத்தும் என்று, துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியில் அல்லவா பொதிந்தீர்கள்! கலெக்டரும் அப்படித்தான் வந்தார், கண்டக்டரும் அப்படித்தான் வந்தார்! இல்லை, நான் புதுத்துணியில் வந்தவன் என்பவர் யாரேனும் இருந்தால் எழுந்து நில்லுங்கள்!

ஒருவர் எழுகிறார். தம்பி, வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? போய்வாருங்கள்.

பச்சைப்பிள்ளையின் மேனிக்கு ஆகிய துணி, நம் மேனிக்கு ஆகாதா? கரிசலில் பருத்தி எடுத்தவளின் கை நோவும், தறியில் இருந்தவனின் கால் நோவும் சேர்ந்த துணியை ஒரே தீபாவளியோடு ஒதுக்க நாம் யார்? உடுத்தியவர் யார் என்று கேட்கும் ஊரே, உழைத்தவர் யார் என்று ஒருநாளாவது கேட்டாயா?

அக்கா, மறுபடியும் என்ன?

"அம்மன் சேல ஒண்ணு வீட்டுல கெடக்கு அண்ணாச்சி. ஓரம் நைஞ்சு போச்சு, தூரப் போட மனசு வரல. எம்மவளுக்கு அதுல பாவாடை தச்சுத் தருவாளா இசக்கிச்செல்வி?"

என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? கடை எனக்குப் பின்னால்தான் இருக்கிறது.

போகிறார். அவர் பின்னால் இன்னொருவர். இப்போது முன்வரிசையே எழுகிறது. பேச்சு பிடிக்காமல் எழுந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிடித்துப்போய் எழுந்து போகிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன். தலைவர் அவர்களே, நீங்களுமா?

துரைப்பாண்டி, என்ன வே வேடிக்கை பாக்கீரு? உள்ள அவ ஒத்தையில திண்டாடுதா, போய் ஒரு கை பிடியும்!

கடைசிவரை பொறுமை காத்த மைக்செட்காரருக்கும், காலி நாற்காலிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!