தளபதியின் பின்வரிசை

இரவு எட்டு தாண்டியிருந்தது. சிதம்பரத்திலிருந்து வந்த பஸ் அவளை மட்டும் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து சுனாமிக் கொட்டகைக்கு மண்சாலை. ஒரு விளக்குக்கூடக் கிடையாது. ஒரு பக்கம் கருவேலம் புதர். இன்னொரு பக்கம்... கடல் இரைச்சல் மட்டும்.

"இழுக்காத கிரேசி. கரண்ட் வர்றதுக்குள்ள பேயக் கொண்டு வாடி," என்றாள் ஜான்சி. செம்மண்டலத்துப் பெண்கள் விடுதி. அன்றும் மின்வெட்டு. ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பேய்னு நான் சொன்னேனா? வாய மூடிக்கினு கேளு," என்று கிரேசி தொடர்ந்தாள்.

நடந்து போனவள் சகாயசெல்வி. கிரேசியின் அக்காவோடு சிதம்பரத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தவள். அவள் வம்சத்திலேயே காலேஜ் படியேறிய முதல் ஆள். தம்பி ஆரோக்கிய ஜெகன், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குக் கிரிக்கெட் ஆடப் போனவன். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா செல்வியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சோறு போடுவாள். அதையும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் போடுவாள்.

நிவாரணம் என்று லாரி லாரியாகக் கொட்டினார்கள். வெயில் கொளுத்துகிற ஊருக்குக் கம்பளிக் குல்லா. ஒற்றைச் செருப்பு. எவனோ வீட்டைக் கூட்டித் தள்ளிய குப்பையை அனுப்பிப் புண்ணியம் தேடிக்கொண்டான். அதில் வந்ததுதான் அந்த அட்டைப்பெட்டி. சில்லு சில்லாகப் பொருத்தினால் படம் வரும் விளையாட்டு.

செல்வி உள்ளே நுழைந்தபோது அம்மா படத்தை முடித்திருந்தாள். ஒவ்வொரு சில்லையும் சோற்றுப் பசை வைத்துப் பலகையில் ஒட்டியிருந்தாள். இரும்புக் கவசம், சிவப்புப் போர்வை, உருவிய வாள். முதுகுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சிப்பாய்கள். எதிரே மெழுகுவத்தி எரிந்தது.

"செபஸ்தியாருடி," என்றாள் அம்மா.

"செபஸ்தியாருக்கு ஒடம்பெல்லாம் அம்பு தச்சிருக்கும்."

"இது அம்பு உடறதுக்கு முன்னாடி."

ஜான்சி சிரித்துவிட்டாள். கிரேசி சிரிக்கவில்லை.

செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பசியோடு வந்த பெண்ணைச் சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. அட்டைப் படத்துக்கு நவநாள் செபம். பெட்டியைத் திருப்பி, பின்னால் இருந்த இங்கிலீஷைப் படித்து விளாசினாள்.

"இவன் சாமியே இல்ல. அந்தக் காலத்துத் தளபதி. ஜெயிச்ச ஊருப் பசங்களப் புடிச்சிக்கினு போயி அவன் படையில சேத்துக்குவானாம். ஆளுக்கு ஆள் குடுத்தாத்தான் உடுவானாம். இவன்கிட்டயா வேண்டிக்கினு இருக்க?"

அம்மா அழவில்லை.

"ஆளுக்கு ஆளா..." என்றாள். அவ்வளவுதான்.

நடுச்சாமம். கூரைத் தார் ஷீட் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது... சட்டென்று நின்றது. கடல் இரைச்சலும் நின்றது. புளித்த பசையின் வாடை. இருட்டில் அம்மாவின் குரல், கெஞ்சலாக.

"இவன உட்டுடு சாமி. ஊட்ல இன்னொண்ணு இருக்குது..."

செல்வி அசையாமல் கிடந்தாள். குரல் அடங்கியபின் எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தாள். மெழுகுவத்தி அணையும் தறுவாயில் இருந்தது. பின்வரிசைச் சிப்பாய்களில் ஒருவன்... கறுத்த முகம். புருவத்தைப் பிளந்து ஒரு தையல் தழும்பு. பந்து பட்டுக் கிழிந்த அன்று தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே அவள்தான்.

அந்த முகச் சில்லை நகத்தால் நெம்பி எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. விடிவதற்குள் பஸ் பிடித்துவிட்டாள். அறைக்கு வந்து கிரேசியின் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரம், சிதம்பரத்து விடுதி வாட்ச்மேன் காத்தவராயன் குரல் கொடுத்தார்.

"பாப்பா, அம்மா வந்திருக்காங்க. கூட ஒரு பையன். எவ்ளோ பேச்சுக் குடுத்தாலும் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்குறான்."

கேட்டுக்கு வெளியே அம்மா. கையில் மூடிய தூக்குச்சட்டி.

"செல்வி... மீன்கொழம்பு எடுத்தாந்திருக்கேன். வாடி கண்ணு, ஊட்டுக்குப் போவலாம்."

கிரேசியின் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "போவாதடி. நீதான சொன்ன..."

செல்வி கையை உதறினாள். "பேர் சொல்லிக் கூப்புட்டுச்சி, கேட்டியா?"

சில்லு அவள் உள்ளங்கையில் இருந்தது. கேட்டைத் தாண்டினாள்.

அப்போதுதான் பையன் திரும்பினான். அவன் முகம் காத்தவராயனுக்குத்தான் நேரே தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில்... வெறும் பலகை. மர ரேகை. காய்ந்த சோற்றுப் பசை.

செல்வி சில்லிருந்த கையை அவனிடம் நீட்டினாள்.

மூன்று பேரும் தெருவோடு நடந்தார்கள். முனையிலிருந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டியது இரண்டே பேர், அம்மாவும் பையனும். பையன் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு தூரத்திலும் புருவத் தழும்பு பளிச்சென்று தெரிந்ததாம்.

தூக்குச்சட்டி கேட்டோரமே கிடந்தது. காத்தவராயன் திறந்து பார்த்தார்.

உள்ளே ஒரு சொட்டுக் குழம்புகூட இல்லை.