முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

இந்த வடதுருவ ஓரத்தில், எங்கள் ஊரில் டீ ஆறுவதற்குள் வானிலை மாறிவிடும். அதனால்தான் என் வேலைக்கு மரியாதை. மலைக்கு அப்பால் ஓடுதளத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று வானொலியில் விமானிக்குச் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன். ஊரிலிருந்து பார்த்தால் ஓடுதளம் தெரியாது. நான் சொன்னால் சொன்னதுதான்.

பெரிய ஊர் விமான நிலையம் இங்கிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். சின்ன விமானத்தில் ஐம்பத்தைந்து நிமிஷம். எதிர்காற்று என்றால் பத்து நிமிஷம் கூட ஆகும். ஆஸ்பத்திரி அங்கேதான். என் அம்மா நபாச்சியைக் காசநோய் என்று அந்த வழியாகத்தான் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. சீக்கிரம் வந்துவிடுவாள் என்றார்கள். எந்த ஊரில் புதைத்தார்கள் என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை. வீட்டில் பேச ஆளில்லாமல் ரேடியோவை ஓடவிட்டே ஐம்பதைத் தொட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டு ஊலீபாவுக்குப் பெண் பிறந்தது. எங்களிடம் செத்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரோடு ஆளும் திரும்பி வந்துவிடுவார். ஊலீபா என் அம்மா பெயரையே வைத்தாள், நபாச்சி என்று. அன்றிலிருந்து அந்தக் குழந்தை எனக்கு அம்மா. நாலு வயதில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் வாசலில் நிற்பாள்.

"டேய் மகனே, சாப்பிட்டியா? குல்லா எங்கடா? காது உறைஞ்சு விழுந்தா ஒட்ட வெக்க என்னால ஆவாது."

என்னை யாரும் அப்படி அதட்டி ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

ஏப்ரலில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. குடல்வால், உடனே அறுக்க வேண்டும் என்று நர்ஸ் விமானத்தைக் கூப்பிட்டாள். விமானி ரெஜான் கிளம்பிப் பாதி வழியில் என்னைக் கேட்டான்.

"பெரியவரே, அங்க எப்படி இருக்கு?"

"கடல்லேர்ந்து பனி ஏறி மூடிக்கிச்சு தம்பி. எதிர்ல நிக்கிற என் வண்டியே தெரியல."

"ஊருக்குள்ள வெயில் அடிக்குதாமே?"

"அப்போ ஊருக்குள்ள எறங்குறியா?"

சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான். மறுநாளும் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

இடையில் அவளைப் போய்ப் பார்த்தேன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. "மகனே, பிளேன் எப்படா வரும்?" என்றாள். "வராதும்மா. நீ எங்கயும் போக வேணாம்" என்றேன். மூன்றாம் நாள் விடிந்ததும் ஊலீபாவின் மடியில் கிடந்தபடியே போய்விட்டாள். ஊலீபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா அங்கயே காத்துக் கெடந்தியேண்ணே. மூடுபனிய நீயா கொண்டாந்த?" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது.

மேலே பறந்த சரக்கு விமானக்காரன் ஓடுதளம் பளிச்சென்று தெரிந்ததாக, விசாரிக்க வந்த உங்களிடம் சொல்லியிருக்கிறான். சரியாகத்தான் பார்த்திருக்கிறான். இரண்டு நாளும் மூடுபனி இல்லை. மறுகோடியில் ஒரு நரி ஓடியதுகூட எனக்குத் தெரிந்தது. விமானம் வராவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று நர்ஸ் சொன்னதும் காதில் விழுந்தது. அம்மாவை அதில் ஏற்றிவிட்டு ஒருமுறை இழந்தவன் நான். இன்னொரு முறை ஏற்ற மனசு வரவில்லை. இப்போது மலைச்சரிவில், நாங்கள் கல் அடுக்கி மூடிய இடத்தில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் தினமும் போய்ப் பார்க்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு உதவி. ஊலீபா மறுபடி முழுகாமல் இருக்கிறாள். செப்டம்பரில் பிரசவம். எங்கே கொண்டுபோனாலும் அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அம்மா வரும்போது நான் இல்லாவிட்டால் தேடுவாள்.