ராஜிக்குக் கிடைத்த முதல் பக்கம்

ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி உள்ளே இறங்காமல் நான் தலையங்கம் எழுதியதில்லை. மற்றபடி கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. பெய்ரூத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் 'கிந்தீல்' பத்திரிகைதான் சீர்திருத்தக் கட்சியின் குரல். துருக்கி ஆளுநரை வாரம் தவறாமல் திட்டுவேன். அவரும் வாரம் தவறாமல் படித்துச் சிரிப்பார். போட்டிப் பத்திரிகைக்காரன் மூன்று மாதம் சிறையிருந்து வந்தான். துறைமுகமே திரண்டு அவனைத் தோளில் தூக்கியது. நாடாளுமன்றத்துக்கு அவனை நிறுத்தலாமா என்று எங்கள் கட்சியிலேயே பேச்சு. எனக்கோ ஓர் எச்சரிக்கைகூட வந்ததில்லை. நாலு பேர் நடுவில் தலைகாட்ட முடியவில்லை.

பால்கனில் போர் மூண்டது. இங்கே ராணுவ நீதிமன்றம் வந்தது. படைக்கு வந்த மாவை விற்றுத் தின்கிற திருடன் என்று ஆளுநரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அடியில் என் பெயர் போடவில்லை. காவல் தலைவர் காப்பி குடிக்க வந்தார். ஊரே என்னை உஸ்தாத், அதாவது ஆசான், என்றுதான் அழைக்கும்; அவரும் அப்படியே.

"யாரு உஸ்தாத், இந்தக் கைங்கரியம்?"

எங்களிடம் ராஜி ஸஃபதி என்றொருவன் இருந்தான். கோதுமை விலை, கப்பல் வரத்து எழுதுகிறவன். ஆளுநரைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயமே கிடையாது. ஆனால் கட்சிக்கு ஒரு தியாகி வேண்டும். தலைவன் நானே உள்ளே போய்விட்டால் கட்சியை யார் பார்ப்பது? அவன் பெயரைச் சொன்னேன்.

அத்திப்பழம் வாங்கிக்கொண்டு சிறைக்குப் போனேன்.

"நான் எழுதலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க உஸ்தாத். நீங்க சொன்னா நம்புவாங்க."

"பைத்தியக்காரா, உன் பேரு சரித்திரத்துல நிக்கப்போகுதுடா."

"சரித்திரத்துல நிக்கிறவன் நின்னுக்கட்டும். நான் எங்க வீட்டு வாசல்ல நின்னா போதும்."

தொலைநோக்கு என்பது அவனுக்கு என்றுமே கிடையாது.

சதுக்கத்தில் வைத்துத் தூக்கிலிட்டார்கள். சவப்பெட்டியின் முன்புறம் என் தோளில்தான். நான் பேசியபோது அழாதவர் இல்லை. அவன் மனைவி வதாத் மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிர்ச்சியாக இருக்கும். தேர்தலில் என்னை எதிர்த்து நிற்க ஆளில்லை.

மிஞ்சிப் போனால் மூன்று மாதம் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன், கடவுள் சாட்சி. தூக்கு என்று யார் கண்டது? தீர்ப்பு வந்தது வியாழக்கிழமை. கறுப்புக் கரையிட்ட அஞ்சலிச் சிறப்பிதழைப் புதன்கிழமையே அச்சுக்கோத்து முடித்துவிட்டோம்; முன்யோசனை இல்லாதவனால் பத்திரிகை நடத்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.