ஈரப் பருத்தி யாருடையது

ஊரில் கறாரம்மா என்றால்தான் என்னைத் தெரியும். வயது நாற்பத்தாறு. கணவர் இறந்துவிட்டார். எடைக்கூடத்துக்குப் பின்தெருவில் ஓட்டு வீட்டில் குடியிருந்து பருத்தி விவசாயம் செய்கிறேன். இந்த வாக்குமூலத்தில் தொழில் என்ற இடத்தில் காவல் நிலைய எழுத்தர் 'இல்லத்தரசி' என்று எழுதினார். அடித்துவிட்டு 'விவசாயி' என்று எழுதச் சொன்னேன், எழுதினார்.

நான் பாடுபடும் காடு என் கணவருடைய அண்ணன் பெயரில் இருக்கிறது. ஊரில் அவரை வெள்ளைச்சட்டை என்பார்கள். காட்டுப்பக்கம் கால் வைத்தவர் இல்லை. ஆனாலும் இதுநாள்வரை அரசு மானியம் நிலத்தின் பரப்புக்குத்தான் என்பதால் அது அவருக்கே போயிற்று; விதையும் உரமும் கூலியும் என் தலையில். இந்த ஆண்டு விதியை மாற்றி, மானியம் பயிர் செய்கிறவருக்கு, அதுவும் எடைக்கூடத்தில் போடும் பருத்தியின் எடைக்குத்தான் என்று அறிவித்தார்கள். பயிர் செய்தது இன்னார் என்று நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டால் பயிர் செய்தவர் பெயரைப் பதிவார்கள். பதிவுக்கு நாளை கடைசி நாள். என் பெயர் ஏறாவிட்டால் இனி எந்த விதைப்புப் பட்டத்திலும் எனக்கு மானியம் இல்லை. மானியம் இல்லாமல் பருத்தி கட்டுப்படியாகாது, காட்டை விட்டுவிட வேண்டியதுதான். ஒப்புதல் கேட்டதற்கு அவர், "பொம்பள பேர்ல எதுக்கு? நானே விவசாயின்னு பதிஞ்சுக்கறேன்" என்றார். நோகாமல் நுங்கு தின்கிறவருக்கு வேறென்ன பேச்சு வரும்.

இன்று காலை, எடுத்துக் காயவைத்திருந்த பருத்தியை மூட்டை கட்டி, களத்தில் அடுக்கிவிட்டு வண்டி பேசப் போனேன். திரும்பி வந்தபோது மூட்டைகள் இல்லை. தண்ணீர்க் குழாய் தரையில் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச்சட்டைதான் தண்ணீர் தெளித்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். முன்பு வியாபாரிக்குப் போடும்போது எடை கூட வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பார்கள். இவர் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார். இப்போது கருவி வைத்து ஈரம் பார்க்கிறார்கள் என்பதும், ஈரம் இருந்தால் பயிர் செய்தவருக்கு அந்தப் பட்டத்து மானியம் கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரியாது. பருத்தி போட்டால்தானே தெரியும்.

அதன் பிறகு எடைக்கூடத்துக்கு ஓடினேன். அங்கே அவர் தர அலுவலரிடம், "வேர்வை சிந்தி விளைய வச்சது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்ததையும், அதன் பிறகு அலுவலர் கருவியை மூட்டைக்குள் குத்திப் பார்த்து, "என்னங்க இது, பருத்தியா, துவைச்ச துணியா?" என்று கேட்டதையும், அதன் பிறகு இவர் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "நான் நிலத்துக்காரன் மட்டுந்தான் சார். பயிர் பண்றது பூரா இவதான். இவளக் கேளுங்க" என்று கூவியதையும் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தவளை தன் வாயால் கெட்டது.

"அத அப்படியே எழுதுங்க சார்" என்றேன். அலுவலர், "குடும்பச் சண்டைய எல்லாம் நான் எழுத முடியாதும்மா" என்றார். இவரும், "ஏதோ பதட்டத்துல சொன்னது, விடுங்க" என்று பின்வாங்கினார். அதன் பிறகு நான் வெளியே வந்து ஷட்டரை இழுத்துச் சாத்தி, சாவியோடு தொங்கிய பூட்டைப் போட்டது உண்மை. "எழுதி அடியில தள்ளுங்க, திறக்கறேன்" என்று சொன்னதும் உண்மை. உள்ளேயிருந்து அலுவலர், "நான் என்னம்மா பாவம் பண்ணினேன்?" என்று கேட்டார். "காதால கேட்டுட்டு எழுதாம இருக்கீங்களே, அதுதான்" என்றேன். வெள்ளைச்சட்டை வாய்க்கு வந்தபடி திட்டினார். "ஈர மூட்டை மேல உக்காருங்க மாமா, சூடு தணியும்" என்றேன். நான் அடித்ததாக அவர் புகாரில் இருப்பது பொய். அடிக்க ஆசை இருந்தது. ஷட்டர் நடுவில் இருந்தது.

அதன் பிறகு காவலர்கள் வந்ததும் சாவியை நானே கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டால் புகாரை விட்டுவிடுகிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார். கேட்க மாட்டேன். அவர் இப்போது வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாக்குமூலம் அவருடையது. அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த ஈரப் பருத்தி யாருடையது? தன்னுடையது என்றால் ஈரத்துக்காக இந்தப் பட்டத்து மானியம் அவருக்குக் கிடைக்காது. என்னுடையது என்றால் பயிர் செய்தவள் நான் என்று ஆயிற்று, என் பெயர் பதிவில் ஏறும். இந்த ஒரு பட்டம் மானியம் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்வேன். எதைச் சொன்னாலும் சரி, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னதே, படித்துக்காட்டக் கேட்டேன், ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

(ஒப்பம்)
கறாரம்மா,
விவசாயி