கூட நடந்த குற்றம்

அவைக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது பேச்சை முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் பெரிய டாக்டர் அவர்களே! தழும்பு தாங்கிய நெஞ்சோடும் தளராத சிரிப்போடும் வந்திருக்கும் பெரியோர்களே! கணவரின் மூச்சை எண்ணி எண்ணியே கண்ணுறக்கம் மறந்த தாய்மார்களே! மாத்திரை டப்பாவை வீட்டில் மறந்துவிட்டு, மறக்கவேயில்லை என்று மனைவியிடம் சாதித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே! இருபத்தாறு ஆண்டுகள் இந்த இதயப் பிரிவில் நர்ஸாக இருந்து, 'நடை சிஸ்டர்' என்று நீங்கள் வைத்த பெயரோடு ஓய்வு பெற்ற இந்த எளியவளின் வணக்கம்!

நாளைக் காலை இந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். புதியது வரட்டும், பொலியட்டும்! ஆனால் எனக்குப் பின்னால் கதவு திறந்து கிடக்கிறதே ஒரு தாழ்வாரம், அதைத்தான் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பது மீட்டர் நீளம். மூன்று மீட்டருக்கு ஒரு நீலக்கோடு. இரு முனையிலும் ஒவ்வொரு நாற்காலி. அங்கேதான் உங்களை ஆறு நிமிடம் நடக்கவிட்டு உங்கள் இதயத்தின் வலிமையை அளந்தோம். எத்தனை செருப்புகள் தேய்ந்த தரை அது! எத்தனை கைகள் தாங்கிக்கொண்ட சுவர் அது! பினாயில் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது.

யாரது, 'சத்தமா பேசுங்க' என்பது? மைக்கிடம் சொல்லுங்கள் ஐயா, என் குரலை என் வீட்டுக்காரரே போதும் போதும் என்கிறார்!

அந்த நடைக்கு ஒரு சட்டம் உண்டு. நோயாளி தனியாக நடக்க வேண்டும். நர்ஸ் ஒரு முனையில் நிற்க வேண்டும். "நல்லா நடக்கிறீங்க, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்று சொல்லலாம். அதற்குமேல் பேச்சு கூடாது. கூட நடக்கவே கூடாது. ஏன்? துணைக்கு ஒருவர் வந்தால், மனிதன் தன் இதயத்தின் பலத்தை மீறி அந்தத் துணையின் பலத்தில் நடந்துவிடுகிறான். அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறை மீறினேன். யாருக்காக மீறினேன்? இதோ, முன்வரிசையில் ஒன்றும் தெரியாதவர் போல் உட்கார்ந்திருக்கிறாரே, நம் டிரைவர் அண்ணன், இவருக்காக!

பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அண்ணன் பேருந்து ஓட்டியவர். மாரடைப்பு வந்து, இதயத்தின் ஒரு பக்கம் ரத்தம் போதாமல் சோர்ந்துவிட்டது. பைபாஸுக்கும் வழியில்லை என்று பல இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். அவர் வீடு மூன்றாம் மாடியில். ஐம்பத்திரண்டு படி, லிப்ட் கிடையாது. பத்துப் படிக்குள் மூச்சு முட்டும். அதனால் கீழே தையற்கடையின் பின்னறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே கட்டில் போட்டுக் கிடந்தார். அண்ணி மேலே சமைப்பார், கீழே கொண்டுவந்து பரிமாறுவார். எங்களிடம் வருவதற்குள்ளேயே ஒன்றரை ஆண்டு, தன் வீட்டுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்க்காமல் கிடந்தார் இந்த மனிதர்! அவர் கேட்டது மாட மாளிகையா? கூட கோபுரமா?

"எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு டிப்போவைப் பார்க்கணும் சிஸ்டர். அவ்வளவுதான்" என்றார்.

அந்த நாளில்தான் நம் டாக்டர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்துச் சோர்ந்த இதயத்தில் செலுத்துவது. மஜ்ஜை எல்லாருக்கும் எடுக்கப்படும். ஆனால் பாதிப் பேருக்குத்தான் செல், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விவரம் ஒட்டிய உறைக்குள் பூட்டியிருக்கும்.

"அந்த செல்லு உள்ள போய் ரத்தக்குழாயா மாறிடுமா டாக்டர்?" என்று கேட்டார் அண்ணன்.

"அதுவே பெரும்பாலும் மாறாதுங்க. பக்கத்துல இருக்கிற குழாய்களைத் தட்டி எழுப்பும். அதுங்க புதுசா கிளை விடும்."

"அட, மெயின் ரோடு அடைச்சா சந்துல வண்டியை விடுற மாதிரி!"

"சந்தே இல்லாத இடத்துல சந்து போடுற மாதிரி. ஆனா எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

டாக்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அந்த மருத்துவம் விளங்கியது டிரைவர் சொன்ன பிறகுதான்!

அண்ணனும் ஆய்வில் சேர்ந்தார். இதயத்தில் ஊசி போடுவதற்கு முன் அவர் நடந்தது இருநூற்றுப் பத்து மீட்டர். முந்நூறைத் தொட்டால் படியேறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதம் கழித்து மறுநடை. அண்ணி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நாலாவது சுற்றில் அண்ணனின் கால் பின்னியது. என்ன நினைத்தேனோ தெரியாது, அவர் பக்கத்தில் போய்விட்டேன். "இது முதல் மாடி அண்ணா, தாண்டியாச்சு. இதோ ரெண்டாவது மாடி. இன்னும் ஒரு மாடிதான், வாங்க வாங்க!" என்று பேசிக்கொண்டே கூடவே நடந்தேன். முந்நூறு மீட்டர்! அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் போய் வீட்டைக் கூட்டித் துடைச்சு வைக்கிறேன் சிஸ்டர்" என்று அப்போதே ஓடினார்.

சாயங்காலம் டாக்டர் படியேற அனுமதி எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, நான் அன்பைக்கூட அளக்காமல் அல்லவா போட்டுவிட்டேன்! நாளை பாதிப் படியில் இவர் விழுந்தால்?

"டாக்டர், நான் கூட நடந்தேன்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. திறந்த பேனாவாலேயே அந்த முந்நூறின் மேல் ஒரு கோடு கிழித்தார். மறுநாள் அண்ணன் தனியாக நடந்தார். இருநூற்று இருபத்தைந்து.

"கூட நடந்தா என்ன குடியா முழுகிடும்? ஊர்ல யாருமே துணையோட நடக்கிறதில்லையா?" என்று கத்தினார். அண்ணி கத்தவில்லை. திரைச்சீலையெல்லாம் துவைத்து மாட்டியாயிற்று என்று மட்டும் சொன்னார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஓராண்டு கழித்து உறைகளைப் பிரித்தார்கள். அண்ணனுக்குப் போனது உப்புநீர்!

"தண்ணிக்கா என் இடுப்புல ஓட்டை போட்டீங்க?" என்று குதித்தார். சிரிக்காதீர்கள், உங்களுக்கு என்றால் தெரியும்!

டாக்டர் சொன்ன பதில் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "தண்ணி வாங்கினவங்க உண்மையா நடந்ததாலதான், செல் வாங்கினவங்க எவ்வளவு கூடுதலா நடந்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பொய்யான முந்நூறு உள்ள இருந்திருந்தா, செல்லும் தண்ணியும் ஒண்ணுதான்னு நான் ஏமாந்திருப்பேன்."

அவையோரே! செல் பெற்றவர்கள் இதயத்தை மட்டும் கொடுத்தார்கள். உப்புநீர் பெற்றவர்கள் உண்மையைக் கொடுத்தார்கள்! தளர்ந்த காலோடு தனியாக நடந்து, தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு, பிறருக்கு வழி காட்டினார்களே, அவர்களை வணங்காமல் வேறு யாரை வணங்குவது? செல் போட்டும் எழுந்திருக்காமல் போன இருவரையும் இந்த மேடையில் நான் மறக்க மாட்டேன்.

உப்புநீர் பெற்றவர்களில் விரும்பியவர்களுக்கு, முதலிலேயே எடுத்து உறையவைத்திருந்த அவரவர் செல்லையே பிறகு செலுத்தினார்கள். அண்ணனும் சம்மதித்தார். ஐந்தாம் மாதம் படம் எடுத்தபோது, இதயத்தில் இருண்டு கிடந்த இடத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. மெல்லிய புதுக் குழாய்கள் வழியாக ரத்தம் ஓடியது. டிரைவரின் பாஷையில் சொன்னால், சந்து திறந்துவிட்டது!

மறுபடி நடை. நான் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முனையிலேயே நின்றேன். கூடப் போக என் கால் துடித்தது, நான் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் தனியாகப் போனார், தனியாக வந்தார். முந்நூற்று முப்பது!

என்ன அண்ணா? முந்நூற்று முப்பத்திரண்டா? சரி, அந்த இரண்டு மீட்டரை இவர் இத்தனை ஆண்டாக விடவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்!

அந்த வாரம் ஐம்பத்திரண்டு படியையும் மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நான் பின்னால் போனேன். அண்ணி கதவைத் திறந்தார். ஓராண்டுக்கும் மேலாக என்னோடு பேசாதவர், என்னைப் பார்த்து, "வாசல்லயே ஏன் நிக்கிறே? உள்ள வா" என்றார். அண்ணன் ஜன்னலில் நின்று டிப்போவைப் பார்த்து அழுதார். நானும் அழுதேன்.

நாளை அந்த நீலக்கோடுகள் இருக்காது. இன்று அளக்க ஆளில்லை, அடக்கச் சட்டமில்லை, கடிகாரமும் என் கையில் இல்லை. எழுந்திருங்கள் அண்ணா! அண்ணி, நீங்களும் வாருங்கள். அந்தத் தாழ்வாரத்தில் கடைசியாக ஒரு நடை நடந்துவிட்டு வருவோம். பதினான்கு ஆண்டு காத்திருந்தேன், இந்த முறை நான் கூடவே நடக்கிறேன். டாக்டர், ஆட்சேபம் உண்டா?

என்ன, நீங்களும் வருகிறீர்களா!

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், விடாமல் துடிக்கும் உங்கள் இதயங்களுக்கும் நன்றி. வணக்கம்! மைக்கை யாராவது பிடித்துக்கொள்ளுங்கள், நான் நடக்க வேண்டும்.